இரண்டு உருவம் ஒன்றாகும் இடம்: ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா தூரம் அளப்பது எப்படி?

பெங்களூர் அல்சூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வேலூரிலிருந்து பிழைப்புக்காக வந்த அவருடைய தாத்தா 1960களில் வாங்கிய ஜப்பானியக் கேமரா பரணில் கிடைத்திருக்கிறது. கண்ணை வைத்துப் பார்த்தால் நடுவில் மஞ்சளாக ஒரு சிறு சதுரம். அதற்குள் மட்டும் எல்லாமே இரண்டிரண்டாகத் தெரிகிறதாம். அத்தை கல்யாணத்தில் எடுத்த படங்கள் மங்கலாக வந்ததால் 'ராசியில்லாத கேமரா' என்று பாட்டி அதைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டாராம். "இரண்டாகத் தெரிவதுதான் கோளாறா சார்?" என்று கேட்கிறார்.

இல்லை அம்மா, அது ரேஞ்ச்ஃபைண்டர், அதாவது தூரமானி உள்ள கேமரா. அது தூரம் அளப்பதே அப்படித்தான். கல்யாணப் படங்கள் ஏன் கெட்டன என்பதற்குப் பிறகு வருகிறேன்.

ஃபிலிம், லென்ஸ் துளை, ஷட்டர் எல்லாம் எந்த ஃபிலிம் கேமராவிலும் உள்ளவைதான். இதில் மாறுபடுவது ஃபோகஸ். எஸ்.எல்.ஆர். கேமராவில் படம் பிடிக்கும் லென்ஸ் வழியாகவே பார்க்கிறோம். ஃபோகஸ் தப்பினால் கண்ணுக்கே மங்கலாகத் தெரியும். ரேஞ்ச்ஃபைண்டரில் நாம் பார்ப்பது தனி ஜன்னல். லென்ஸ் எங்கே நின்றாலும் காட்சி பளிச்சென்றுதான் இருக்கும். ஆகவே ஆள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பதைக் கேமரா வேறு வழியில் கண்டுபிடித்தாக வேண்டும்.

வழி முக்கோணம். கட்டைவிரலை நீட்டி ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடினால் விரல் இடம் மாறுவது போலத் தெரியுமே, அந்த இடமாறு தோற்றம்தான். கேமராவின் முகப்பில் இரண்டு ஜன்னல்கள் உண்டு. ஒன்றின் வழியே நேராகப் பார்க்கிறோம். மற்றதில் நுழையும் ஒளி ஒரு கண்ணாடியில் பட்டுப் பக்கவாட்டில் வந்து, பாதி ஒளியை விட்டுப் பாதியைத் திருப்பும் இன்னொரு கண்ணாடி வழியாக அதே கண்ணுக்கு வந்துசேர்கிறது. அதனால்தான் சதுரத்துக்குள் இரண்டு உருவம். முதல் கண்ணாடியைத் திருப்பித் திருப்பி இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார வைத்தால், திருப்பிய கோணமே தூரத்தைச் சொல்லிவிடும்.

நிலத்தை அளந்ததும் இதே முக்கோணத்தால்தான். 1802இல் ஆங்கிலேய அளவையாளர் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே சுமார் 12 கிலோமீட்டர் நீள அடிக்கோட்டை, அதாவது முக்கோணத்தின் அடிப்பக்கத்தை, சங்கிலியால் அளந்து, அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக நாட்டை அளக்கத் தொடங்கினார். 1804இல் பெங்களூர் அருகிலும் அவருடைய அளவையாளர்கள் ஓர் அடிக்கோடு அளந்தார்கள். கேமராவில் அந்த அடிக்கோடு இரண்டு ஜன்னல்களுக்கும் இடையிலுள்ள தூரம். 1954இல் வந்த ஜெர்மன் லைக்கா எம்3 கேமராவில் அது 68.5 மில்லிமீட்டர், சிறிய கேமராக்களில் இன்னும் குறைவு.

என்னை மயக்கும் இடம் இனிமேல்தான். 68.5 மில்லிமீட்டர் அடிக்கோட்டுக்கு, 10 மீட்டரில் நிற்கும் ஆளின் இடமாறு கோணம் 0.39 பாகை. 5 மீட்டரில் 0.78. ஒரு மீட்டரில் 3.9. தூரம் பாதியானால் கோணம் இரு மடங்கு. இப்போது லென்ஸைப் பாருங்கள். 50 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள லென்ஸ், 10 மீட்டரில் உள்ளதைத் தெளிவாக்கக் கால் மில்லிமீட்டர் முன்னே வர வேண்டும். 5 மீட்டருக்கு அரை மில்லிமீட்டர். ஒரு மீட்டருக்கு 2.6. இங்கேயும் தூரம் பாதியானால் நகர்வு இரு மடங்கு!

கோணம் பிறப்பது முக்கோணத்திலிருந்து. நகர்வு பிறப்பது லென்ஸ் சமன்பாட்டிலிருந்து. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு கணக்குகளும் தூரத்தின் தலைகீழ் மதிப்பில் வந்து கைகோக்கின்றன. அதனால் லென்ஸ் நகர்வதை ஒரு சிறு நெம்புகோல் தொட்டு உணர்ந்து, அதே விகிதத்தில் கண்ணாடியைத் திருப்பினால் போதும். கணக்குப் போட யாரும் வேண்டாம். ஓர் இரும்புத் துண்டே வகுத்துவிடுகிறது. மிக அருகில் விகிதம் கொஞ்சம் பிசகும். வேறு குவியத் தூர லென்ஸ்களுக்கு விகிதமே மாறும். இவற்றை லென்ஸின் பின்னால் கடைந்திருக்கும் 'கேம்' என்ற வளைவு சரிக்கட்டுகிறது. 1925இல் விற்பனைக்கு வந்த முதல் லைக்காவில் இந்த இணைப்பு கிடையாது. தூரமானியைத் தனியாக மேலே மாட்டி, எண்ணைப் படித்து, லென்ஸில் கையால் வைக்க வேண்டும். 1932இல் லைக்கா இரண்டாம் மாடலும் கான்டாக்ஸ் என்ற கேமராவும் இரண்டையும் இணைத்தன. கண்ணாடியைத் திருப்புவதற்குப் பதில் ஒளியை வளைக்கும் ஆப்பு வடிவக் கண்ணாடித் துண்டுகளைச் சுழற்றும் ஏற்பாடும் கான்டாக்ஸ் வரிசையில் உண்டு. வேலை ஒன்றேதான்.

இந்த நுட்பத்தில் பாதிப் பெருமை நம் கண்ணுக்கும் சேர வேண்டும். நெருங்கிய இரண்டு புள்ளிகளைப் பிரித்தறிய நல்ல கண்ணுக்குப் பாகையில் அறுபதில் ஒரு பங்கு தேவை. ஆனால் ஒரு கோடு உடைந்து சற்றே விலகியிருப்பதை அதைவிடப் பல மடங்கு நுணுக்கமாகக் கண்டுவிடும். ஆகவே சதுரத்தைக் கதவு நிலை, ஜன்னல் கம்பி, தூண் போன்ற செங்குத்துக் கோட்டில் வையுங்கள். ஜன்னல்கள் பக்கவாட்டில் இருப்பதால் உருவமும் பக்கவாட்டில்தான் நகரும். படுக்கைக் கோட்டில் அது தெரியாது. படுக்கைக் கோடுதான் கிடைக்கிறது என்றால் கேமராவை நிமிர்த்திப் பிடிக்கலாம். மஞ்சள் நிறமும் வீணுக்கு இல்லை. ஓர் உருவத்தை மற்றதிலிருந்து பிரித்துக் காட்ட உதவுகிறது.

பள்ளி இயற்பியல் செய்முறையில் ஊசிகளை நகர்த்தி இடமாறு தோற்றம் மறையும் இடத்தைத் தேடுவதும் இதே கதைதான். எத்தனை பள்ளிகளில் அந்த ஒளியியல் மேசை பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கிறது! கட்டடத்துக்கும் விளம்பரப் பலகைக்கும் கிடைக்கும் பணத்தில் சிறு பங்காவது கண்ணாடிக்கும் லென்ஸுக்கும் போக வேண்டும். அதைத் தொட்டுப் பழகிய பிள்ளை, மங்கலான படத்துக்குக் காரணம் தேடும்போது ராசியிடம் போகாது.

அந்தக் கல்யாணப் படங்களுக்கு வருவோம். எம்3 அளவுள்ள தூரமானியிலேயே கண்ணாடி 0.1 பாகை பிசகினால், 3 மீட்டரில் நிற்கும் மணப்பெண்ணுக்கு வைத்த ஃபோகஸ் 2.6 மீட்டரிலோ 3.5 மீட்டரிலோ போய் விழும். மண்டப வெளிச்சத்தில் துளையை எஃப்/2 வரை திறந்திருந்தால் தெளிவாக விழும் பகுதி ஏறக்குறைய 2.8 முதல் 3.2 மீட்டர் வரைதான். கேமரா ஒருமுறை கீழே விழுந்திருந்தாலே இந்தப் பிசகுக்குப் போதும். குவியத் தூரம் கூடிய லென்ஸ்களில் இது இன்னும் பெரிதாகும். 135 மில்லிமீட்டருக்கு மேல் ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ்கள் அரிதாக இருப்பதற்கும், பின்னால் எஸ்.எல்.ஆர். சந்தையைப் பிடித்ததற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

சோதிப்பது எளிது. அல்சூர் ஏரிக்கரையில் நின்று, எம்.ஜி. சாலைப் பக்கம் தெரியும் உயரமான கட்டடம் ஒன்றின் ஓரத்தைச் சதுரத்தில் வைத்து, லென்ஸை முடிவிலிக் குறிக்குத் திருப்புங்கள். இரண்டு ஓரங்களும் ஒன்றாக வேண்டும். பக்கவாட்டில் விலகினால் ஃபோகஸ் பொய். மேலும் கீழுமாக விலகினால் ஃபோகஸ் சரிதான், பார்ப்பதுதான் சிரமம். இரண்டுக்கும் உள்ளே தனித்தனித் திருகுகள் உண்டு. பழைய கேமரா பழுதுபார்ப்பவர் திருத்தித் தருவார். உள்ளே இருக்கும் பாதிக் கண்ணாடியை மட்டும் யாரும் துணியால் தேய்க்க விடாதீர்கள். பூச்சு உரிந்தால் இரண்டாவது உருவம் அடியோடு போய்விடும்.