குப்பைமேட்டின் அடியிலிருந்து ஆற்றுக்கு

ஆறு கெட்டுப்போச்சு என்று யாராவது சொன்னால் நம் கண் முதலில் தேடுவது மிதக்கும் பிளாஸ்டிக்கைத்தான். அதில் தப்பில்லை. ஆனால் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்யும் எனக்கு, கண்ணில் படாமல் ஆற்றில் இறங்கும் ஒன்றைப் பற்றித்தான் அதிகக் கவலை. குப்பைமேட்டிலிருந்து வடியும் கசிவுநீர்.

மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரிக்காமல் ஒரே இடத்தில் குவித்தால், ஈரக் குப்பை காற்றுப் படாமல் உள்ளேயே அழுகும். அதன் சாறும் மேலிருந்து இறங்கும் மழைநீரும் சேர்ந்து, வழியில் கிடக்கும் பேட்டரி, பெயின்ட் டப்பா, மருந்துக் குப்பி எல்லாவற்றையும் நனைத்துக்கொண்டு அடியில் வந்து சேரும். கறுப்பாக இருக்கும், நெடி மூக்கைத் துளைக்கும். முறையாகக் கட்டிய குப்பைக் கிடங்கில் நீர் கீழே இறங்காத விரிப்பும், கசிவுநீரைச் சேர்க்கும் குழாய்களும் உண்டு. வெறுமனே கொட்டும் இடத்தில் இரண்டும் கிடையாது. அந்த இடமும் பெரும்பாலும் யாரும் உரிமை கேட்காத தாழ்வான நிலம்தான். ஆற்றோரம், சதுப்பு நிலம் என்று தண்ணீருக்குப் பக்கத்திலேயே அமைந்துவிடுகிறது.

இதன் வீரியத்தை எங்கள் பாட்டிலில் பார்க்கலாம். தண்ணீரில் உள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிரிகள் எவ்வளவு ஆக்ஸிஜனைச் செலவழிக்கின்றன என்ற அளவுதான் பி.ஓ.டி. 300 மில்லி பாட்டிலில் மாதிரியை எடுத்து, 20 டிகிரியில் இருட்டில் 5 நாள் வைத்து, முன்னும் பின்னும் ஆக்ஸிஜனை அளப்போம். ஓரளவு சுத்தமான ஆற்றுநீரை அப்படியே ஊற்றலாம். புதுக் குப்பையின் கசிவுநீரை அப்படி ஊற்றினால் ஆக்ஸிஜன் சீக்கிரமே தீர்ந்து, சோதனையே வீணாகிவிடும். அதனால் பாட்டிலுக்கு இரண்டு மூன்று சொட்டு அளவுதான் போகும்படி தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்வோம்.

வீட்டுச் சாக்கடை நீரில் பி.ஓ.டி. லிட்டருக்கு 200, 300 மில்லிகிராம் அளவில் இருக்கும். புதுக் குப்பையின் கசிவுநீரில் அது 10,000 வரை போவது எங்களுக்கு ஆச்சரியமே இல்லை. நல்ல ஆற்றுநீரில், 25 டிகிரி வெப்பத்தில், கரைந்திருக்கும் ஆக்ஸிஜனோ லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம்தான். கணக்குப் போட்டால், அப்படிப்பட்ட கசிவுநீர் ஒரு லிட்டர் கலந்தால் 1,250 லிட்டர் ஆற்றுநீரின் ஆக்ஸிஜனைத் தீர்த்துவிட முடியும். ஆறு காற்றிலிருந்து ஆக்ஸிஜனைத் திரும்ப வாங்கிக்கொள்ளும், சரி. ஆனால் கோடையில் நீரோட்டம் குறையும்போது அதுவும் தடுமாறும். வெப்பம் ஏற ஏறத் தண்ணீர் தாங்கும் ஆக்ஸிஜனும் குறையும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கழிவு கலக்கும் அதே இடத்தில் ஆக்ஸிஜன் அடிமட்டத்துக்குப் போய்விடுவதில்லை. நுண்ணுயிரிகள் வேலையை முடிக்க நேரம் பிடிப்பதால், நீரோட்டத்தோடு தள்ளிக் கீழே போய்த்தான் மிக மோசமாகும். அமெரிக்காவின் ஒஹையோ ஆற்றை ஆராய்ந்த ஸ்ட்ரீட்டரும் ஃபெல்ப்ஸும் 1925-லேயே இதைச் சமன்பாடாக எழுதிவிட்டார்கள். ஆனாலும் மீன் செத்து மிதக்கும் ஊரைத்தான் நாம் குற்றம் சொல்கிறோம். காரணம் பல கிலோமீட்டர் மேலே இருக்கலாம்.

குப்பைமேட்டை மண் போட்டு மூடிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்பதும் சரியல்ல. காலப்போக்கில் பி.ஓ.டி. இறங்கும். அம்மோனியா மட்டும் பல பத்தாண்டுகள் வந்துகொண்டே இருக்கும், மீனுக்கு அது விஷம். அதனால் உங்கள் ஊர்க் குப்பைமேட்டைப் பற்றிக் கேட்கும்போது "எப்போது மூடுவீர்கள்?" என்பதோடு நிறுத்தாதீர்கள். கசிவுநீர் எங்கே போகிறது, யார் எடுத்துப் பரிசோதிக்கிறார்கள், முடிவுகளை எங்கே பார்க்கலாம் என்றும் கேளுங்கள். வீட்டில் ஈரக் குப்பையைத் தனியாக வைத்துக் கொடுத்து, அது உரமாகிறதா, மறுபடி அதே மேட்டில் கலக்கிறதா என்பதையும் விசாரியுங்கள். பிரித்ததை ஒரே வண்டியில் கொட்டினால், பிரித்தும் பயனில்லை.

மழைநீர் வடிகாலுக்கும் இதே கவனம் வேண்டும். வறண்ட மாதங்களில் அங்கே சேரும் குப்பையையும் சேற்றையும் முதல் பெருமழை ஒரே மூச்சில் ஆற்றில் தள்ளிவிடும். தூர் வாரினால் மட்டும் போதாது. வாரிய சேற்றை வடிகால் ஓரத்திலேயே குவித்து வைத்தால் அடுத்த மழையில் அது திரும்ப உள்ளேதான் விழும். அள்ளிய கையோடு வண்டியில் ஏற்றச் சொல்லுங்கள்.