காசும் சோறும் கட்டிப்போட்ட வீடுகள்

கிளிநொச்சிப் பக்கம் உளவளத்துணைப் பணி செய்கிறேன். உடல் மிகவும் பருத்து நடமாட்டம் குறைந்துபோனவர்களின் வீடுகளுக்குப் போனால், யார் என்ன சாப்பிடுகிறார் என்பதற்கு முன் காசைப் பற்றித்தான் விசாரிப்பேன். யார் அனுப்புகிறார், யார் கையில் வாங்குகிறார், நின்றுபோனால் யாருடைய அடுப்பு அணையும்?

பரந்தனுக்கு அப்பால் ஒரு வீடு. அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணவருக்கு நாற்பது வயது ஆகவில்லை. உயரத்தோடு எடையை ஒப்பிட்டுப் பருமனைக் காட்டும் உடற்திணிவுச் சுட்டி (BMI) 40ஐத் தாண்டிவிட்டது, நீரிழிவும் இருக்கிறது. சுவிஸிலிருந்து அண்ணன் மாதாமாதம் காசு அனுப்புகிறார். கட்டிலின் தலைமாட்டில் ஒன்றரை லீட்டர் சோடாப் போத்தல். சீனி அதிகம் என்று எச்சரிக்கும் சிவப்பு அடையாளம் அதில் பளிச்சென்று தெரிந்தது. மனைவி கிளாசில் ஊற்றிக் கொடுத்தபடியே சொன்னார்: "இல்லை என்றால் இவருடைய முகம் வாடிவிடும், மிஸ். எனக்கு மனம் பொறுக்காது." பிறகு குசினிக்குள் வந்து குரலைத் தாழ்த்தினார்: "இவர் எழும்பி வேலைக்குப் போனால் அண்ணா காசை நிறுத்திவிடுவார். பிள்ளைகளின் படிப்பு அதில்தான் ஓடுகிறது."

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நிரந்தர வருமானம் இல்லாத பெண்ணின் நியாயமான பயம் அது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2009இன் தொடக்க மாதங்களில், போரின் இறுதிக் கட்டத்தில், கஞ்சிக்கு வரிசையில் நின்ற தாய்மார், பசிக்கிறது என்று பிள்ளை சொன்னால் இன்றும் பதறிப்போகிறார்கள். வளர்ந்த மகனுக்கும் இரண்டாம் தடவை சோறு போட்டால்தான் அவர்களுக்கு நித்திரை வருகிறது. வெளிநாட்டில் இருப்பவருக்கோ, கூட இருந்து பார்க்க முடியவில்லையே என்ற குற்றவுணர்வு. காசு அனுப்பினால் அது கொஞ்சம் ஆறுகிறது. எல்லோரும் அன்பாகத்தான் இருக்கிறார்கள். கட்டிலில் இருப்பவர் மட்டும் மாதத்துக்கு மாதம் இயலாதவராகிறார். தன்னைக் கழுவித் துடைத்துவிடும் மனைவியோடு கோபித்துக்கொள்ளக்கூட அவருக்கு உரிமை இல்லாமல் போகிறது.

இதைக் கேட்டுவிட்டுச் சிலர் உடனே காசை நிறுத்துகிறார்கள், சாப்பாட்டைப் பூட்டி வைக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இன்சுலினோ சில நீரிழிவு மாத்திரைகளோ எடுப்பவருக்குச் சாப்பாட்டைத் திடீரென வெட்டினால் இரத்தத்தில் சீனி இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அவமானப்படுத்தினால் ஒளித்துச் சாப்பிடுவார். உடல் பருமனுக்குப் பரம்பரை, மனச்சோர்வு, சில மருந்துகள் என்று பல காரணங்கள் உண்டு. சோம்பேறி என்ற பட்டம் எதையும் குணமாக்காது. எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே இரத்த அழுத்தத்திலும் சீனியிலும் நல்ல மாற்றம் தெரியும்.

அந்த வீட்டில் முதலில் அண்ணனோடுதான் வீடியோவில் பேசினோம். தம்பி எழும்பி நடந்தாலும் பிள்ளைகளின் படிப்பு முடியும்வரை தொகை குறையாது என்று அண்ணன் தம்பியின் மனைவியிடம் நேரடியாகச் சொன்னார். படிப்புச் செலவு மனைவியின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குப் போகிறது. கிளினிக்குக்குப் போக ஓட்டோக் காசு தனியாக ஒதுக்கப்படுகிறது. சோடா வீட்டுக்கு வருவதில்லை. மற்றச் சாப்பாட்டு மாற்றங்களை வைத்தியரோடு பேசிய பிறகே தொடங்கினோம். எடை மெல்லத்தான் இறங்குகிறது. குளிப்பதை மட்டும் அவர் இப்போது தானே பார்த்துக்கொள்கிறார்.

வெளிநாட்டிலிருந்து இப்படிக் காசு அனுப்புபவர்கள், நோயாளியைப் பார்ப்பவரோடு ஒருமுறை தனியாகப் பேசுங்கள். நோயாளி சுகமானால் உங்களுக்கு என்ன இழப்பு வரும் என்று கோபமில்லாமல் கேளுங்கள். பதில் கனமாக இருந்தால், மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு இருவரையும் சேர்த்தே அனுப்புங்கள்.