மறுபடி விழுந்தவரை மேடையிலும் ஏற்றாதீர்கள், வாசலுக்கும் அனுப்பாதீர்கள்

குடிநோய் மீட்பு மையத்தில் ஆலோசகராக இருக்கும் நான், மேடையில் சாட்சி சொன்னபின் மறுபடி குடியில் விழுந்தவர்களில் இந்த ஆண்டில் பார்க்கும் மூன்றாவது ஆள் இவர். அவரது அனுமதியோடு, அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன். சென்ற முறை டிஸ்சார்ஜ் ஆன ஐந்தாவது வாரமே கன்வென்ஷன் என்னும் கிறிஸ்தவப் பெருங்கூட்டத்தின் மேடையில் ஏற்றப்பட்டு, குடியிலிருந்து முழு விடுதலை பெற்றதாகச் சாட்சி சொன்னார். நான்காம் மாதம் ஒரு துக்க வீட்டில் ஒரே ஒரு முறை குடித்தார். சாட்சி சொன்ன வாயால் அதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் மறைத்தார். மறைத்த வேதனையில் மேலும் குடித்தார். போன வாரம் மனைவி அழைத்து வந்தபோது, டீ கிளாஸை இரு கைகளாலும் பிடித்திருந்தும் பாதி சட்டையில் சிந்தியது. “எந்த முகத்தை வைத்துக்கொண்டு இனி கோயிலுக்குப் போவேன், ஐயா?” என்பதே அவர் கேட்ட முதல் கேள்வி.

விடுதலை பெற்றவன் மறுபடி விழமாட்டான், விழுந்தால் அவன் பெற்றது விடுதலையே அல்ல என்று வேதம் படித்தவர்களே சொல்வதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தம் சீடன் பேதுரு தம்மை மறுதலிப்பான் என்று அறிந்திருந்த இயேசு, அவன் விழுவதற்கு முன்பே, “நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து” என்று பணியைக் கொடுத்துவிட்டார். கரிநெருப்பருகே மும்முறை மறுதலித்தவனைத் திபேரியா கடற்கரையில், இன்னொரு கரிநெருப்பு எரிந்த இடத்தில், “என்னில் அன்பாயிருக்கிறாயா” என்று மும்முறை கேட்டுத் திரும்ப நிறுத்தினார். அதுவும் கூட்டத்தின் முன்னால் அல்ல, சாப்பாடு கொடுத்த பிறகு, கூட மீன்பிடித்த ஆறு பேர் நடுவில்.

எங்கள் துறையின் தொடக்கமும் இப்படித்தான். 1935 மே மாதம், அமெரிக்காவின் அக்ரன் நகரில், வந்த தொழில் காரியம் தோற்று, ஓட்டலின் மதுக்கூடம் இழுத்த வேளையில், குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்த பில் வில்சன் ஒரு போதகரைத் தொலைபேசியில் அழைத்து, தான் பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி வேண்டும் என்று கேட்டார். அப்படி அறிமுகமான அறுவை மருத்துவர் பாப் ஸ்மித், சில வாரங்களிலேயே ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போன இடத்தில் மறுபடி குடித்தார். வில்சன் அவரைக் கைவிடவில்லை. மருத்துவர் குடியை நிறுத்திய ஜூன் 10-ஐத்தான் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்னும், குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் அமைப்பு தன் தொடக்க நாளாகக் கொண்டாடுகிறது. எங்கள் வார்டிலும், புதிதாகச் சேர்பவர் என்னிடம் ஒரு வாரம் மறைப்பதை, இரண்டு முறை விழுந்து எழுந்த தன்னார்வலரிடம் பத்தே நிமிடத்தில் கொட்டிவிடுகிறார். என் படிப்பு திறக்காத கதவை அவருடைய பலவீனத்தைக் கொண்டே தேவன் திறக்கிறார் என்று நான் நம்புகிறேன்.

மன்னிப்புக் கிடைத்த அன்றே கல்லீரல் வீக்கம் வற்றிவிடாது; அடகு நகையும் வீடு திரும்பாது. பல ஆண்டுகள் தினமும் குடித்தவரை உபவாச ஜெபத்தில் உட்காரவைத்து ஒரே நாளில் நிறுத்தச் செய்யாதீர்கள். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், அதையடுத்து வரும் பிதற்றலும் நடுக்கமும் உயிரையே பறிக்கலாம். ஜெபியுங்கள், ஆனால் மருத்துவமனைக் கட்டிலருகே நின்று ஜெபியுங்கள். ஓராண்டு முடியும்வரை அவர் கையில் மைக்கைக் கொடுக்காதீர்கள். துக்க வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் தனியாக அனுப்பாதீர்கள். போதகர்களை நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: இரவு பதினொரு மணிக்கு “குடித்துவிட்டேன்” என்று அவர் அழைத்தால், திட்டாமல் எடுத்துப் பேசக்கூடிய ஒருவருடைய எண்ணாவது அவர் போனில் இருக்கட்டும்.