பழைய காரை வீடு ஏன் புழுங்குகிறது?

தாத்தா காலத்துக் காரை வீட்டைப் புதுப்பித்துக் குடியேறியவர்கள் பலரும் சொல்லும் குறை இதுதான்: "முன்னாடி இப்படிப் புழுங்கினதே இல்லைங்க." அது பிரமை இல்லை. காரைக்குடியிலோ கும்பகோணத்திலோ நூறு வருடங்களுக்கு முன் கட்டிய வீட்டில் வெப்பமும் ஈரமும் வெளியேறுவதற்கு வழிகள் இருந்தன. நாம் செலவழித்துச் செய்யும் வேலைகளில் பாதி, அந்த வழிகளைத்தான் அடைக்கிறது.

முதலில் சுவர். ஒன்றரை அடி கனத்தில் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டியது. இன்றைய வீடுகளைப் போல அடித்தளத்துக்கு மேல் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு கிடையாது. அதனால் மண்ணிலுள்ள நீர் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலே ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சிலும் நுண்துளைகள் இருப்பதால் அந்த நீர் அப்படியே ஆவியாகிப் போய்விடும். போகும்போது சுவரின் சூட்டையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகும், மண்பானையில் தண்ணீர் குளிர்வது போல.

இதன்மேல் சிமென்ட் பூசினால் என்ன ஆகும்? உள்ளே வந்த நீர் எளிதில் வெளியேற முடியாமல் இன்னும் உயரத்துக்கு ஏறும். இரண்டு மழைக்காலம் கழித்து அந்தச் சுவரைத் தட்டிப் பாருங்கள், இடுப்புயரம் வரை பொள்ளலாக ஒலிக்கும். பெயர்த்தால் பூச்சு பாளம் பாளமாக வரும், பின்னால் செங்கல் மாவாக உதிரும், அதில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். நீரில் கரைந்து ஏறிய உப்பு, துளைகளுக்குள் படிகமாகி வளரும்போது ஏற்படும் அழுத்தம்தான் செங்கல்லை உடைக்கிறது. ஓதம் அடிக்கும் அறையில் காற்றிலும் ஈரப்பதம் கூடும். வியர்வை காயாது, புழுக்கம் தாங்காது.

சரி, என்ன செய்வது? சிமென்ட்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுவரைச் சில மாதங்கள் காயவிட வேண்டும். அப்புறம் சுண்ணாம்புச் சாந்தை மெல்லிய பூச்சுகளாகப் பூச வேண்டும். சுண்ணாம்புக்கல்லை ஏறக்குறைய 900 டிகிரி சூட்டில் சுடும்போது கரியமில வாயு பிரிந்து போகிறது. அப்படிக் கிடைத்த சுண்ணாம்பை நீற்றிப் பூசினால், அது காற்றிலிருந்து அதே வாயுவை இழுத்துத் திரும்பக் கல்லாகிறது. இது மெதுவாக நடக்கும் வேலை, கொத்தனாரை அவசரப்படுத்தாதீர்கள். மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் பட்ட பாடெல்லாம் வீண், வெள்ளையடித்தாலே போதும். தெருவில் சாலை போட்டுப் போட்டு உங்கள் வாசல் பள்ளமாகியிருந்தால், மழைநீர் சுவரோரம் தேங்காமல் ஓட வழி செய்வதுதான் முதல் வேலை.

அடுத்து கூரை. மெட்ராஸ் டெரஸ் கூரையில் தேக்குக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கற்களைக் குத்தாக, சாய்வரிசையில் சுண்ணாம்புச் சாந்து வைத்து அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, நாள்கணக்கில் மரக்கட்டையால் தட்டி இறுக்குவார்கள். கடைசியாகத் தட்டோடு. இவ்வளவு கனமான கூரையில் வெப்பம் மெதுவாகத்தான் இறங்கும். மதியம் இரண்டு மணி வெயில் உள்ளே வந்து சேர, இரவு எட்டு ஒன்பது மணி ஆகிவிடும். படுக்கும் நேரத்தில் மேலிருந்து அனல் இறங்குவது இதனால்தான். மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெயிலின் பெரும்பகுதி வந்த வழியே திரும்பிவிடும். புழுதி படிந்தால் பலன் குறையும் என்பதால் ஆண்டுதோறும் கோடைக்கு முன் அடிப்பது நல்லது.

எனக்கு அதிகம் வலிப்பது முற்றம்தான். குரங்கு வரும், திருடன் வருவான், சாரல் அடிக்கும் என்று அதை பாலிகார்பனேட் தகடு போட்டு மூடிவிடுகிறார்கள். பயம் நியாயமானது, செய்த வேலைதான் தவறு. சூடான காற்று லேசானது. அது முற்றத்தின் வழியே மேலே போனால்தான், வாசலிலிருந்தும் கொல்லையிலிருந்தும் புதுக்காற்று உள்ளே வரும். மூடிய முற்றத்தில் வெயில் நுழையும், சூடான காற்று வெளியே போகாது. வீட்டின் நடுவே அடுப்பு வைத்த கதைதான்! கம்பி வலை போடுங்கள். மழைக்குத் தகடு வேண்டுமென்றால் சுற்றிலும் இரண்டடி இடைவெளி விட்டு உயர்த்திப் போடுங்கள். கோடையில் இரவு முழுக்க ஜன்னல்களைத் திறந்து வைத்து, காலை ஒன்பது மணிக்கு மேல் சாத்திவிட்டால், இரவில் குளிர்ந்த கனமான சுவர்கள் பகல் சூட்டை நெடுநேரம் தாங்கும்.

ஏசி கூடாது என்று சொல்ல மாட்டேன். மே மாதத்தில் வயதானவர்களுக்கு ஓர் அறையாவது குளிர்ந்திருக்க வேண்டும். சின்ன அறையாகத் தேர்ந்தெடுத்து, கதவிடுக்குகளை அடைத்து, பழைய வயரிங்கை மாற்றிவிட்டுப் பொருத்துங்கள். அறை உயரம் என்று ஃபால்ஸ் சீலிங் போடுவதாக இருந்தால், உத்திரங்களை எட்டிப் பார்க்க ஒரு திறப்பு விடச் சொல்லுங்கள். மூடிவிட்டால் கூரை ஒழுகினாலும் தெரியாது, கட்டையில் கரையான் ஏறினாலும் தெரியாது.