ஐசனோவர் சொன்னது 'வளாகம்' அல்ல

அண்ணன் மகள் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். போன வாரம் ஒரு பாடக்குறிப்பை நீட்டி, "சித்தப்பா, இந்த ராணுவத் தொழில்துறை வளாகம் அமெரிக்காவில் எந்த ஊரில் இருக்கிறது? பென்டகன் என்கிற ராணுவத் தலைமையகக் கட்டடத்தைச் சொல்கிறார்களா?" என்று கேட்டாள். அவள் மேல் தப்பே இல்லை. வளாகம் என்று எழுதிவிட்டால் எந்த ஊர், எத்தனை ஏக்கர் என்றுதான் யாருக்கும் கேட்கத் தோன்றும். கட்டுரைகளிலும் காணொளிகளிலும் இந்த மொழிபெயர்ப்பைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மூலத்தில் இருப்பது 'மிலிட்டரி இண்டஸ்ட்ரியல் காம்ப்ளெக்ஸ்'. 1961 ஜனவரி 17 அன்று இரவு, பதவி முடிய மூன்றே நாள் இருக்கும்போது, அதிபர் டுவைட் ஐசனோவர் தொலைக்காட்சியில் நாட்டு மக்களிடம் விடைபெற்றுப் பேசிய உரையில் வந்தது. மால்கம் மூஸ், ரால்ஃப் வில்லியம்ஸ் இருவரும் உரையை எழுத உதவியவர்கள். ஆனால் அந்தச் சொல் நிலைத்ததற்குக் காரணம் அதைச் சொன்ன வாய். கான்சாஸ் மாநிலத்து அபிலீனில் வளர்ந்து, 1915இல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் படித்து முடித்து, 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கரையில் இறங்கிய நேச நாட்டுப் படைகளுக்குத் தலைமை தாங்கிய ஐந்து நட்சத்திர ஜெனரல் அவர். 1952 தேர்தலில் வென்று எட்டு ஆண்டு அதிபராக இருந்தவர். ராணுவமே வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஆள் இல்லை.

அவர் சொன்னதன் சாரம் இது. இரண்டாம் உலகப் போர் வரை அமெரிக்காவில் ஆயுதத்துக்கென்று நிரந்தரமான தொழில் கிடையாது. ஏருக்குக் கொழு செய்தவர்களே தேவை வந்தபோது வாளும் செய்தார்கள். இப்போது அப்படியில்லை, 35 லட்சம் பேர் பாதுகாப்புத் துறையில் நேரடியாக வேலை பார்க்கிறார்கள், நாட்டின் எல்லா நிறுவனங்களின் நிகர வருமானத்தையும் விட அதிகமாக ஆண்டுதோறும் ராணுவப் பாதுகாப்புக்குச் செலவாகிறது. பிரம்மாண்டமான ராணுவமும் பெரிய ஆயுதத் தொழிலும் இப்படி ஒன்றுசேர்வது நமக்குப் புதுசு. இந்தச் சேர்க்கைக்கு, அது தேடிப் போனாலும் சரி, தேடாமல் வந்தாலும் சரி, தகாத செல்வாக்கு வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்.

காம்ப்ளெக்ஸ் லத்தீனிலிருந்து வந்த சொல், முன்பாதிக்குச் 'சேர்ந்து', பின்பாதிக்குப் 'பின்னு' என்று பொருள். வேர் அவ்வளவுதான். கட்டடத் தொகுதி என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது, நம் ஊரில் ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ் வந்த பிறகு நமக்குத் தெரிந்த ஒரே பொருள் அதுதான் என்றாகிவிட்டது.

சரி, வளாகத்துக்கு வருவோம். நல்ல தமிழ்ச்சொல், அதில் சந்தேகமே இல்லை. புறநானூற்றில் 'தெண்கடல் வளாகம்' என்று வருகிறது, கடல் வளைத்த நிலம் என்று பொருள். அன்றைக்கும் அது இடம், இன்றைக்குப் பல்கலைக்கழக வளாகம், நீதிமன்ற வளாகம் என்னும்போதும் இடம்தான். சுற்றி வளைத்த எல்லை ஒன்று இல்லாமல் வளாகம் இல்லை. ஐசனோவர் சொன்னதற்கோ எல்லையே கிடையாது, அவருடைய கவலையே அதுதான். ஓய்வு பெற்ற தளபதி ஆயுத நிறுவனத்தில் பதவிக்குப் போகிறார், விமானத் தொழிற்சாலை இருக்கிற தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் ஒப்பந்தம் நின்றுவிடக் கூடாது என்று பார்க்கிறார். அதே உரையில் பல்கலைக்கழக ஆராய்ச்சி அரசு ஒப்பந்தப் பணத்தை நம்பிப் போவதைப் பற்றியும் எச்சரித்தாரே, அதுவும் இதோடு சேர்ந்ததுதான். இதை மதில் சுவருக்குள் எப்படி அடைப்பது?

இத்தனைக்கும் மற்ற இடங்களில் நாம் சரியாகத்தான் செய்திருக்கிறோம். இன்ஃபீரியாரிட்டி காம்ப்ளெக்ஸைத் தாழ்வு மனப்பான்மை என்றோம், தாழ்வு வளாகம் என்று யாரும் எழுதவில்லை. கணக்கில் காம்ப்ளெக்ஸ் நம்பர் வந்தபோது கலப்பெண் என்றார்கள், இலங்கையில் சிக்கலெண் என்றார்கள். அவர்கள் பொருளைப் பார்த்துப் பெயர் வைத்தவர்கள். இப்போது அகராதியில் முதலில் கண்ணில் படுவதை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள், ஆங்கிலத்தில் 'ஃபேர்வெல் அட்ரஸ்' எனப்படும் ஐசனோவரின் இந்த விடைபெறும் உரையையே 'பிரியாவிடை முகவரி' என்று போட்டதையும் பார்த்தேன், மனசு ஆறவில்லை.

வளாகம் பிடிக்காத சிலர் கூட்டணி என்கிறார்கள். கூட்டணி என்றால் உட்கார்ந்து பேசி, கையெழுத்துப் போட்டு, பங்கு பிரித்துக்கொள்வது. கூட்டமைப்பு என்றால் தலைவர், செயலாளர் உண்டு. கூட்டுச்சதி என்று எழுதுபவர்களும் உண்டு, அது எல்லாவற்றையும் விட மோசம், ஏனென்றால் 'தேடாமல் வந்தாலும்' என்ற அவருடைய சொல்லையே அது அழித்துவிடுகிறது. யாரும் சதி செய்யாமலே நடக்கிற காரியம் இது.

முன்பகுதியிலும் கோளாறு இருக்கிறது. 'ராணுவத் தொழில்துறை' என்று ஒற்று மிகுத்து எழுதினால் ராணுவத்தின் தொழில்துறை என்றாகிவிடும். இங்கே தேவை உம், அதாவது ராணுவமும் தொழிலும். செடிகொடி, தாய்தந்தை போல இரண்டும் சமமாக நிற்க வேண்டும். தொழில்துறை என்பதும் ரொம்ப அகலம், சோப்பு ஆலையும் அதற்குள் வந்துவிடும். அவர் அந்த இடத்தில் பேசியது ஆயுதத் தொழிலைப் பற்றி.

என் சொல், ராணுவ – ஆயுதத்தொழில் பின்னல். ராணுவம் தனித்தமிழ் இல்லையே, படைத்தொழிற் பின்னல் என்றால் சுருக்கமாகவும் தூய்மையாகவும் இருக்குமே என்று நண்பர் ஒருவர் வாதாடினார். எனக்கும் தனித்தமிழ் மேல் ஆசை உண்டு, ஆனால் படைத்தொழில் என்றதும் ஒருவர் போர்வீரனின் தொழிலை நினைப்பார், இன்னொருவர் பிரமனின் படைத்தல் தொழிலை நினைப்பார். படிப்பவருக்குப் புரிவதுதான் எனக்கு முதலில். பின்னலைப் புரியாதவர் யாரும் இல்லை. மூன்று கால் பின்னலில் ஒவ்வொரு காலும் மற்றதை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது, ஒன்றை மட்டும் தனியாக உருவ முடியாது.

அந்தப் பின்னலில் ஐசனோவரும் ஒரு கால். 1953 ஏப்ரலில், கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றின் விலை என்பது 30க்கும் மேற்பட்ட நகரங்களில் ஊருக்கொரு செங்கல் பள்ளிக்கூடம் என்று பேசியவர் அவர். அந்த ஆண்டு ஜூலையில் கொரியப் போரை நிறுத்தியவரும் அவர்தான். அவருடைய எட்டு ஆண்டுகளில்தான் அமெரிக்காவின் அணு ஆயுதங்கள் சுமார் ஆயிரத்திலிருந்து 18 ஆயிரத்துக்கு மேல் போயின. வெளியே நின்று குற்றம் சொன்னவர் இல்லை. வளாகம் என்று எழுதினால் அவரை மதிலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறோம்.

இதை இப்போதே திருத்தாவிட்டால் பின்னால் வருவதெல்லாம் கோணும். இதே அச்சில் 'பிரிசன் இண்டஸ்ட்ரியல் காம்ப்ளெக்ஸ்' என்று அங்கே ஒரு சொல் புழங்குகிறது, சிறைகளும் அவற்றால் லாபம் பார்க்கும் நிறுவனங்களும் பின்னிக்கிடப்பதைச் சொல்வது. அதைச் சிறைத் தொழில்துறை வளாகம் என்று பெயர்த்தால், கைதிகள் தறி நெய்கிற கொட்டகை என்றுதான் என் அண்ணன் மகள் எழுதிவிட்டு வருவாள்.