பருவுக்குப் பூசும் ஆன்டிபயாடிக்: தனியாகப் பூசினால் ஏன் தோற்கிறது?

முகப்பருவுக்கு ஏதாவது கொடுங்கள் என்று மருந்துக்கடையில் கேட்பவருக்குப் பல நேரங்களில் கிடைப்பது கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக்கின் 1 சதவீத ஜெல் அடங்கிய சிறிய டியூப். பூசத் தொடங்கிய சில வாரங்களில் சிவந்து வீங்கியிருந்த பருக்கள் அடங்குகின்றன. டியூப் தீர்ந்ததும் பருக்கள் மறுபடி தலைகாட்ட, இன்னொன்று வாங்கப்படுகிறது. இப்படியே சில மாதங்கள் கழிந்தபின், பூசினாலும் ஒன்றுதான், பூசாவிட்டாலும் ஒன்றுதான் என்ற நிலை வந்துவிடுகிறது. மருந்து போலியாக இருக்கும் என்று சிலரும், தன் தோல்வாகு அப்படி என்று சிலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் இரண்டுமே காரணமல்ல. மருந்து தன் வேலையைச் செய்திருக்கும். ஆனால் அதை எதிர்த்து நிற்கக்கூடிய பாக்டீரியாக்களை மட்டும் விட்டுவைத்து, மற்றவற்றை அழித்திருக்கும்.

இது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ளப் பரு உருவாகும் இடத்தை முதலில் பார்க்க வேண்டும். முகம், மார்பு, மேல்முதுகு ஆகிய பகுதிகளில் ஒவ்வொரு மயிர்க்குழியோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டியிருக்கிறது. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் கூடும்போது, ஆணானாலும் பெண்ணானாலும், இந்தச் சுரப்பிகள் பெரிதாகி சீபம் என்ற எண்ணெயை அதிகமாகச் சுரக்கின்றன. மயிர்க்குழியின் உட்சுவரிலிருந்து உதிரும் செல்கள் இயல்பான தோலில் அந்த எண்ணெயோடு சேர்ந்து வெளியேறிவிடும். பரு வரும் தோலிலோ அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, குழியின் வாயை உள்ளிருந்தே அடைக்கின்றன. இந்த அடைப்பு தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை. இன்று கன்னத்தில் எழுந்திருக்கும் பரு பல வாரங்களுக்கு முன்பே அடைபட்ட ஒரு குழியில் உருவானதாக இருக்கும்.

அடைப்பின் மேற்புறம் திறந்திருந்தால் அது கரும்புள்ளியாகத் தெரிகிறது. அந்தக் கருமை தூசியோ அழுக்கோ அல்ல. மெலனின் நிறமியும், காற்றுப் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்த கொழுப்பும்தான் அந்த நிறத்தைத் தருகின்றன. அதனால்தான் முகத்தை எவ்வளவு அழுத்தித் தேய்த்துக் கழுவினாலும் அது போவதில்லை, தோல்தான் புண்ணாகிறது.

அடைபட்ட குழிக்குள் எண்ணெய் நிறைந்திருக்கும், ஆக்சிஜன் குறைந்திருக்கும். இந்தச் சூழலில் செழித்து வளர்வது கியூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ் என்ற பாக்டீரியா. புரோப்பியோனிக் அமிலத்தை உண்டாக்குவதால் புரோப்பியோனிபாக்டீரியம் என்று நெடுங்காலம் அழைக்கப்பட்ட இதற்கு 2016ல்தான் இப்போதைய பெயர் வந்தது. பழைய பெயரோடு எழுதப்பட்ட நூல்களும் மருந்துத் துண்டுச்சீட்டுகளும் இன்னும் புழக்கத்தில் உள்ளன. இது வெளியிலிருந்து வந்து தொற்றும் கிருமி என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு பரு கூட இல்லாதவரின் முகத்திலும் இது வாழ்கிறது. சீபத்தில் உள்ள டிரைகிளிசரைடு கொழுப்பை லிப்பேஸ் என்ற நொதியால் உடைத்துக் கொழுப்பு அமிலங்களை உண்டாக்குவது இதன் அன்றாடப் பிழைப்பு. இதன் சில வகைகள் குழிக்குள் பெருகும்போது, தோல் செல்களிலும் தற்காப்பு செல்களிலும் உள்ள டிஎல்ஆர்-2 என்ற உணர்விகள் தூண்டப்பட்டு, வெள்ளணுக்களை அழைக்கும் வேதிப்பொருள்கள் வெளியாகின்றன. சிவப்பு, வீக்கம், வலி, சீழ் ஆகியவை பெரும்பாலும் நம் உடலே காட்டும், அழற்சி எனப்படும் இந்த எதிர்வினையின் விளைவுகள்.

ஆக, பரு உருவாக எண்ணெய்ச் சுரப்பு, குழியின் அடைப்பு, பாக்டீரியா, அழற்சி என்ற நான்கும் சேர வேண்டியிருக்கிறது. பூசும் ஆன்டிபயாடிக் இவற்றில் கடைசி இரண்டின் மேல் மட்டுமே வேலை செய்கிறது. எண்ணெய் சுரப்பதை அது குறைப்பதில்லை. அடைப்பையும் அது திறந்துவிடுவதில்லை. சிவந்த பருக்களும் சீழ்ப்பருக்களும் அடங்கிய பிறகும் கரும்புள்ளிகள் அப்படியே இருப்பதற்குக் காரணம் இதுதான்.

பருவுக்காகப் பூசப்படும் ஆன்டிபயாடிக்குகளில் நெடுங்காலமாக முதலிடத்தில் இருப்பவை எரித்ரோமைசினும் கிளிண்டாமைசினும். இரண்டுமே மண்ணில் வாழும் நுண்ணுயிர்களிடமிருந்து மனிதனுக்குக் கிடைத்தவை. பிலிப்பைன்ஸின் இலோய்லோ பகுதியிலிருந்து அபெலார்டோ அகிலார் என்ற மருத்துவர் 1949ல் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்துக்கு அனுப்பிய மண் மாதிரியிலிருந்து எரித்ரோமைசின் பிரித்தெடுக்கப்பட்டது. அந்த மருந்துக்கு இலோசோன் என்ற வணிகப் பெயரும் அந்த ஊரின் நினைவாகவே வந்தது. நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரருகே எடுத்த மண்ணில் கிடைத்த பாக்டீரியா தந்தது லிங்கோமைசின். அதன் மூலக்கூறில் இருந்த ஒரு ஹைட்ராக்சில் தொகுதியை எடுத்துவிட்டு அங்கே குளோரினை வைத்து, 1960களில் உருவாக்கப்பட்டதே கிளிண்டாமைசின்.

ஜெல் டியூப்களில் பெரும்பாலும் இருப்பது கிளிண்டாமைசின் பாஸ்பேட். இந்த வடிவத்தில் அதற்குப் பாக்டீரியாவைத் தடுக்கும் ஆற்றல் கிடையாது. பூசியபின் தோலில் உள்ள பாஸ்படேஸ் நொதிகள் பாஸ்பேட்டைக் கழற்றிவிட்ட பிறகே செயல்படும் கிளிண்டாமைசின் வெளிப்படுகிறது. மாத்திரையாக விழுங்கினால் உடல் முழுவதும் பரவும் மருந்து, பூசும்போது பெரும்பாலும் தோலிலும் மயிர்க்குழிகளிலுமே தங்குகிறது. இரத்தத்தில் சேரும் அளவு மிகக் குறைவு. பூசும் வடிவத்தின் பெரிய ஆதாயம் இதுவே.

மயிர்க்குழிக்குள் இறங்கிய மருந்து பாக்டீரியாவின் ரைபோசோமைப் பிடித்துக்கொள்கிறது. புரதங்களை ஒவ்வோர் அமினோ அமிலமாகக் கோத்து உருவாக்கும் நுண்பட்டறை என்று ரைபோசோமைச் சொல்லலாம். அதன் பெரிய பாகத்தில், 23எஸ் ஆர்என்ஏ என்ற, வேதி எழுத்துகளால் கோத்த இழை அமைந்துள்ள பகுதியில், இந்த இரண்டு மருந்துகளும் போய் ஒட்டிக்கொள்கின்றன. புரதச் சங்கிலி மேற்கொண்டு நீள முடியாமல் நிற்கிறது. புதிய புரதம் இல்லாமல் பாக்டீரியா பெருக இயலாது, லிப்பேஸ் நொதியின் உற்பத்தியும் குறைகிறது. மனித ரைபோசோமின் அமைப்பு வேறு என்பதால் நம் செல்கள் பெரும்பாலும் தப்பிக்கின்றன. இரண்டு மருந்துகளும் ஒட்டும் இடங்கள் ஒன்றின் மேல் ஒன்று படிவதால், இரண்டையும் சேர்த்துப் பூசினால் இரட்டைப் பலன் கிடைக்காது. ஒன்று மற்றொன்றின் இடத்தை மறிக்கும். பாக்டீரியாவைத் தடுப்பதோடு வெள்ளணுக்கள் குழியை நோக்கி வந்து குவிவதையும் இந்த மருந்துகள் ஓரளவு குறைக்கின்றன. முதல் சில வாரங்களில் தெரியும் முன்னேற்றத்தில் இந்த அழற்சித் தணிப்புக்கும் பங்குண்டு.

ரைபோசோமில் ஒட்டும் இடம் ஒன்றே என்பதில்தான் இந்த மருந்துகளின் பலவீனமும் இருக்கிறது. 23எஸ் ஆர்என்ஏவில் 2058 என்று எண்ணிடப்பட்ட இடத்தில் அடினைன் என்ற ஒற்றை எழுத்து குவானைனாக மாறிவிட்டால் போதும். மருந்து அங்கே ஒட்டுவதில்லை. அந்தப் பாக்டீரியா எரித்ரோமைசினையும் கிளிண்டாமைசினையும் ஒருங்கே தாங்கி நிற்கும். ஒரு முகத்தில் வாழும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களில் இப்படித் தற்செயலாக மாறியவை சில இருப்பது வியப்பல்ல. வழக்கமான நாள்களில் அவற்றுக்குத் தனிச் சிறப்பு ஒன்றும் கிடையாது. தினமும் இரண்டு வேளை மருந்து பூசப்படும்போது, மற்றவை மடிந்ததால் காலியான இடமும் உணவும் முழுவதும் இவற்றுக்கே கிடைக்கின்றன. பூசிய இடத்தின் ஓரங்களில் மருந்தின் அடர்த்தி படிப்படியாகக் குறைவதால், அங்கே அரைகுறையாகத் தாக்குப்பிடிப்பவையும் பிழைத்துக்கொள்கின்றன.

இது ஏட்டளவில் நின்ற அச்சமல்ல. எரித்ரோமைசினையும் கிளிண்டாமைசினையும் தாங்கும் பருப் பாக்டீரியா 1979ல் அமெரிக்காவில் பதிவானது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பரு சிகிச்சைக்கு வந்த 4,000க்கும் மேற்பட்டோரிடம் பத்தாண்டுகள் நடந்த ஆய்வில், வழக்கமாகக் கொடுக்கப்படும் ஆன்டிபயாடிக்குகளில் ஏதேனும் ஒன்றையாவது தாங்கும் பாக்டீரியாவைச் சுமந்தவர்கள் 1991ல் சுமார் 35 சதவீதம், 1997ல் 64 சதவீதம். அதற்குப் பிறகு சற்றுக் குறைந்து 2000ல் 55 சதவீதத்தை ஒட்டி நின்றது. இந்தப் பாக்டீரியா அதைப் பெற்றவரோடு மட்டும் நிற்பதுமில்லை. ஒரே வீட்டில் இருப்பவர்களிடமும், பரு நோயாளிகளை நாள்தோறும் தொட்டுச் சோதிக்கும் தோல் மருத்துவர்களின் முகத்திலும் அதைக் கண்டிருக்கிறார்கள்.

பருவில் வாழும் பாக்டீரியா மருந்துக்குப் பழகிப்போனால் பருவோடு போகிறது என்று அசட்டையாக இருக்க முடியாது. அதே தோலில் ஸ்டெஃபைலோகாக்கஸ் இனங்களும் வாழ்கின்றன. முகத்தில் பூசிய எரித்ரோமைசின், அவற்றில் மருந்தைத் தாங்கும் வகைகளைப் பூசாத இடங்களிலும் பெருகச் செய்கிறது. இந்த இனங்கள் எதிர்ப்பு மரபணுக்களைத் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளக் கூடியவை. நாளை அதே மனிதருக்குத் தோலிலோ எலும்பிலோ கடுமையான தொற்று வந்து, அப்போது கிளிண்டாமைசின் தேவைப்படலாம். பருவுக்காக ஒரு முக்கியமான மருந்தின் கூர்மையை மழுங்கடிப்பது வீண் செலவு என்பதே என் எண்ணம்.

இந்தச் சிக்கலிலிருந்து மீள உதவுவது புதிய ஆன்டிபயாடிக் அல்ல, பென்சாயில் பெராக்சைடு என்ற பழைய, மலிவான வேதிப்பொருள். தோலில் அது சிதைந்து, ஆக்சிஜன் உறுப்புகளை, அதாவது கிடைத்ததோடெல்லாம் உடனே வினைபுரியும் துகள்களை, வெளியிடுகிறது; மிஞ்சுவது பென்சாயிக் அமிலம். வெளிவரும் ஆக்சிஜன் உறுப்புகள் பாக்டீரியாவின் புரதங்கள், சவ்வு என்று கண்டதையெல்லாம் தாக்குகின்றன. ஒரே பூட்டுக்கு ஒரே சாவி என்ற கதை இங்கே இல்லை. ஓர் எழுத்தை மாற்றி இதிலிருந்து தப்ப வழியில்லை. பல பத்தாண்டுகள் பயன்படுத்தியும் இதைத் தாங்கும் பருப் பாக்டீரியா உருவானதாகத் தெரியவரவில்லை. ஆன்டிபயாடிக்கோடு இதைச் சேர்த்துப் பூசும்போது, முன்னதைத் தாங்கி நிற்கும் பாக்டீரியாவையும் இது அழித்துவிடுவதால் எதிர்ப்பு வகைகள் தலையெடுக்க இடம் கிடைப்பதில்லை. 10 சதவீதம்தான் வீரியமானது என்று பலர் அதைக் கேட்டு வாங்குகிறார்கள், 2.5 சதவீதமே பருக்களை ஏறத்தாழ அதே அளவு குறைக்கிறது, எரிச்சலும் தோல் உரிதலும் குறைவாக இருக்கும். துணியின் சாயத்தை வெளுத்துவிடும் குணம் இதற்கு உண்டு என்பதால், தலையணை உறையும் துண்டும் வெள்ளையாக இருப்பது நல்லது.

அடைப்பைத் திறக்கும் வேலை ரெட்டினாய்டுகளுடையது. அடாபலின், டிரெட்டினாயின் போன்ற இவை மயிர்க்குழியின் செல்கள் ஒட்டிக்கொள்ளாமல் முறையாக உதிரச் செய்கின்றன. புதிய அடைப்பு விழுவது குறைகிறது. டிரெட்டினாயினின் பழைய வடிவங்களைப் பென்சாயில் பெராக்சைடு சிதைத்துவிடும் என்பதால் இரண்டையும் ஒரே வேளையில் பூசக் கூடாது. அடாபலினுக்கு அந்தச் சிக்கல் இல்லை. கிளிண்டாமைசின், அடாபலின், பென்சாயில் பெராக்சைடு ஆகிய மூன்றையும் ஒரே டியூபில் சேர்த்த ஜெல்லுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023ல் ஒப்புதல் அளித்தது. பூசும் ஆன்டிபயாடிக்கை மட்டும் தனியாகக் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது.

இந்தியாவில் பருவுக்கு அடிக்கடி எழுதப்படும் நாடிஃப்ளாக்சசின், ஜப்பானில் உருவான ஃப்ளூரோகுயினலோன் வகை மருந்து. ரைபோசோமை விட்டுவிட்டு, பாக்டீரியாவின் டிஎன்ஏவை முறுக்கி விரிக்கும் நொதிகளை இது தடுப்பதால், கிளிண்டாமைசினைத் தாங்கும் பாக்டீரியாவிடமும் பலிக்கக் கூடும். ஆனாலும் இதுவும் ஆன்டிபயாடிக்தான். தனியாகப் பூசக் கூடாது என்ற விதி இதற்கும் பொருந்தும்.

பூசும் முறையில் நடக்கும் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். எழுந்து நிற்கும் பருவின் தலையில் மட்டும் பொட்டு வைப்பது போல் மருந்தைத் தொட்டு வைப்பவர்கள் அதிகம். கண்ணுக்குத் தெரியாத அடைப்புகள் சுற்றிலும் இருப்பதால், பரு வரும் பகுதி முழுவதும் மெல்லிய படலமாகத் தடவ வேண்டும். ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன் பலனை எடைபோடக் கூடாது. இடையில் பொறுமை இழந்து, விரைவில் முகம் வெளுக்கும் என்று யாரோ சொன்ன ஸ்டீராய்டு கலந்த க்ரீமைப் பூசத் தொடங்குவது பெரிய கேடு. ஸ்டீராய்டு அழற்சியை அடக்குவதால் சில நாள் முகம் தெளிந்தது போலத் தோன்றும், பிறகு அதுவே புதிய பருக்களையும் மெலிந்து சிவந்த தோலையும் கொடுக்கும்.

கருவுற்றிருப்பவர்கள் ரெட்டினாய்டுகளைத் தவிர்க்க வேண்டும். பூசும் கிளிண்டாமைசினும் எரித்ரோமைசினும் அவர்களுக்குப் பொதுவாகப் பாதுகாப்பானவையாகக் கருதப்படுகின்றன. பெருங்குடல் அழற்சி வந்தவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மிக அரிதாகவே என்றாலும், பூசிய கிளிண்டாமைசினுக்குப் பிறகும் கடும் வயிற்றுப்போக்கு வந்ததாகப் பதிவுகள் உண்டு.

ஆன்டிபயாடிக் பூசும் காலம் வழக்கமாக மூன்று மாதத்துக்குள் அடங்க வேண்டும். சிவந்த பருக்கள் அடங்கியதும் அதை நிறுத்திவிட்டு, ரெட்டினாய்டையும் தேவையானால் பென்சாயில் பெராக்சைடையும் தொடர்வதே தோல் மருத்துவர்கள் கைக்கொள்ளும் வழி. இரண்டு மாதத்திலும் மாற்றம் தெரியாவிட்டால் அதே ஜெல்லின் இன்னொரு டியூபை வாங்குவதில் பயனில்லை. மருத்துவரிடம் போகும்போது இதுவரை பூசியவற்றின் பெயர்களையும், ஒவ்வொன்றையும் எத்தனை மாதம் பூசினோம் என்பதையும் எழுதிக்கொண்டு போனால், எந்த மருந்தைத் தாங்கும் பாக்டீரியா அந்தத் தோலில் இருக்கக்கூடும் என்று அவரால் ஓரளவு ஊகிக்க முடியும்.