உத்தரவாதக் கையெழுத்துக்கு முன் சாங்ஷன் லெட்டரைப் படியுங்கள்

பட்டயக் கணக்காளராக நான் தணிக்கை செய்யும் புதுச்சேரி, கடலூர் வட்டாரத் தனியார் லிமிடெட் நிறுவனங்களில் பெரும்பாலானவற்றில், இயக்குநர் குழு என்பது அண்ணன், தம்பி, அவர்களின் மனைவியர் என்பதோடு முடிந்துவிடுகிறது. பங்கு முழுவதும் குடும்பத்தின் கையில் இருக்கும்போது, நிர்வாகத்தைக் கேள்வி கேட்கக்கூடிய ஒரே வெளியாள் கடன் கொடுத்த வங்கிதான். இத்தகைய நிறுவனத்தின் கடனுக்கு உத்தரவாதக் கையெழுத்துப் போடப்போகும் உறவினர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சட்டமும் இங்கே சற்று விலகியே நிற்கிறது. தொடர்புடையவரோடு (இயக்குநர், அவருடைய உறவினர் போன்றோருடன்) நிறுவனம் செய்யும் ஒப்பந்தம் பொதுக்கூட்டத்தின் ஒப்புதலுக்கு வந்தால், அதில் ஆதாயம் பெறும் பங்குதாரர் வாக்களிக்கக் கூடாது என்கிறது 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 188-ஆம் பிரிவு. அந்தத் தடை 2015 ஜூன் மாத அறிவிக்கையால் தனியார் நிறுவனங்களுக்குத் தளர்த்தப்பட்டது. ஆகவே, மூத்தவரின் மனைவி பெயரிலுள்ள கிடங்கை நிறுவனம் வாடகைக்கு எடுத்தால், அந்த வாடகையை நிர்ணயிப்பவரும் அவர்களே, ஏற்பவரும் அவர்களே.

வங்கியின் சாங்ஷன் லெட்டரில், அதாவது கடனை அனுமதித்து நிபந்தனைகளைச் சொல்லும் கடிதத்தில், இதற்கான கடிவாளம் உண்டு. வங்கியின் முன் அனுமதியின்றி டிவிடெண்ட் தரக்கூடாது, இயக்குநர்கள் போட்ட கடனைத் திரும்ப எடுக்கக்கூடாது, நிர்வாகத்தை மாற்றக்கூடாது என்றெல்லாம் அதில் இருக்கும். ஆனால் வீட்டுமனைப் பத்திரமும் தனிநபர் உத்தரவாதமும் கைக்கு வந்துவிட்டால், இந்த நிபந்தனைகளைக் கண்காணிப்பதில் வங்கிக்குப் பல சமயம் அக்கறை குறைந்துவிடுகிறது என்பதே என் அனுபவம்.

கையிருப்புச் சரக்கையும் வரவேண்டிய பாக்கியையும் காட்டி மாதந்தோறும் வங்கிக்குப் போகும் ஸ்டாக் ஸ்டேட்மெண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். டிராயிங் பவர் (அந்தச் சரக்கு, பாக்கியின் அடிப்படையில் வங்கியிலிருந்து எடுக்கக்கூடிய தொகை) குறையாமல் இருக்க, விற்றுப்போன சரக்கும் ஓராண்டாக வசூலாகாத பாக்கியும் அதில் அப்படியே தொடரும். கணக்குப் புத்தகமோ வேறொரு தொகையைச் சொல்லும். நடப்புச் சொத்துகளின் பிணையில் 5 கோடி ரூபாய்க்கு மேல் நடைமுறை மூலதன வரம்பு பெற்ற நிறுவனங்களில், காலாண்டு அறிக்கைகள் கணக்கோடு ஒத்துப்போகின்றனவா என்று தணிக்கையாளர் தெரிவிக்க வேண்டும் என 2021-22 நிதியாண்டு முதல் நடைமுறைக்கு வந்த காரோ 2020 (தணிக்கை அறிக்கை எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று வகுக்கும் உத்தரவு) கட்டாயப்படுத்திய பிறகுதான், இந்த வித்தியாசம் எழுத்தில் வரத் தொடங்கியது.

பட்டியலிடப்பட்ட பெரிய நிறுவனங்களில் உரிமையாளரும் கடன் கொடுத்தவரும் எதிரெதிரே நிற்பதைச் சத்யம் என்ற மென்பொருள் நிறுவனத்தின் விவகாரத்தில் பார்த்தோம். 2008 டிசம்பரில், புரமோட்டர் (நிறுவனத்தைத் தொடங்கிக் கட்டுப்படுத்துபவர்) குடும்பத்தோடு தொடர்புடைய மேய்தாஸ் நிறுவனங்களை வாங்கும் முடிவை முதலீட்டாளர்களின் எதிர்ப்பு சில மணி நேரத்தில் கைவிட வைத்தது. புரமோட்டர்கள் அடகு வைத்த பங்குகளையும் கடன் கொடுத்தவர்கள் விற்றுத் தீர்த்தார்கள். அடகு விவரத்தை வெளியிடுவதைப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கட்டாயமாக்கியது அதற்குப் பிறகே, 2009-இல்.

நம் ஊர் நிறுவனங்களில் அப்படி எதிர்க்க ஆளில்லை. மாறாக, நிர்வாகத்தில் பங்கேற்காத தங்கையோ மைத்துனரோ, 'சும்மா ஒரு கையெழுத்துதான்' என்ற பேச்சை நம்பி உத்தரவாதம் தந்துவிடுகிறார்கள். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாதவரை, உத்தரவாதம் தந்தவரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமமானது; நிறுவனத்தை விட்டுவிட்டு நேராக அவரிடமே வங்கி வசூலிக்கலாம். கையெழுத்திடும் முன் சாங்ஷன் லெட்டர் முழுவதையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். நிறுவனச் சொத்துகளின் மீது ஏற்கெனவே பதிவான அடமானங்களை நிறுவன விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் பார்க்கலாம்.

நீங்கள் பங்குதாரராகவும் இருந்தால் இன்னொரு வழி உண்டு. நிர்வாக முறைகேட்டை எதிர்த்துத் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போக, மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கினர் சேர்ந்தாலே போதும் என்கிறது நிறுவனச் சட்டத்தின் 244-ஆம் பிரிவு. பத்துப் பேருக்கு மேற்படாத குடும்ப நிறுவனத்தில், பங்குக்கான தொகை முழுவதையும் செலுத்திய ஒரே ஓர் உறுப்பினர்கூடச் சென்னை அமர்வில் மனுத் தாக்கல் செய்யலாம். புதுச்சேரி நிறுவனங்களும் அந்த அமர்வின் வரம்புக்குள்தான் வருகின்றன.